டேபிள் டென்னிஸ் ரூமில் ஸ்டடி ஹவர்

அக்கான்னே கூப்பிடறேன், தப்பா நினைச்சுக்காதீங்க. ஆன்ட்டின்னா சில பேருக்கு முகம் சுருங்கிப் போயிடுது. மடியில வெச்சிருக்கீங்களே அந்தக் கவரு, அதைப் பாத்துட்டுத்தான் இந்த சீட்டுக்கு வந்தேன். முன்னாடி ஜன்னல் சீட்டே காலியா இருந்துச்சு. எங்க ஸ்கூல் கவருக்கா அது. உள்ள வழவழன்னு ஒரு புக் இருக்கும் பாருங்க, அதுல ஏழாம் பக்கம் எடுங்க. மூணாவது வரிசை, இடது பக்கத்துலேர்ந்து நாலாவது. சுபஸ்ரீ, அறுநூறுக்கு ஐந்நூத்தித் தொண்ணூத்தொண்ணு. நான்தான். கண்ணு பாதி மூடியிருக்கும். ஃபோட்டோக்காரர் தப்பு இல்ல அது, தினமும் நாலரைக்கு எழுந்தா எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும். அந்தப் பக்கத்துல யாருக்காவது கண்ணு முழுசா திறந்திருக்கா, பாருங்க.

உங்க பொண்ணை அடுத்த வருஷம் லெவன்த்துக்கு அங்க சேக்கலாமா வேணாமான்னு கேக்குறீங்க. அட்வான்ஸ் கட்ட நாளைக்குத்தான் கடைசி நாள். உங்க வீட்டுக்காரர் சேத்தே ஆகணும்ங்கிறார், உங்களுக்கு மனசு ஒரு நிலையில இல்ல. புரியுதுக்கா. பொண்ணு என்ன சொல்றா? அவளைக் கேக்கவே இல்லையா? நல்ல காரியம் பண்ணீங்க. கேட்டாத்தான் குழப்பம்.

ஒரே வார்த்தையில பதில் சொல்லிடலாம். ஆனா அங்க படிச்சு வெளிய வந்தவளுக்கு வெளிய என்ன ஆச்சுன்னு தெரிஞ்சாத்தானே உங்களுக்கும் நம்பிக்கை வரும்? அதனால யுனிவர்சிட்டியில இந்த அஞ்சு மாசம் எப்படிப் போச்சுன்னு சொல்றேன். கேட்டுட்டு நீங்களே முடிவு பண்ணுங்க. ஆத்தூர் வர்றதுக்குள்ள முடிச்சுடுவேன்.

நான் சேந்தது அஞ்சு வருஷ எம்.எஸ்சி. பயோ சம்பந்தப்பட்டது. டாக்டர் சீட்டு கொஞ்சத்துல போச்சு, அந்தக் கதை இப்ப வேணாம். முதல் நாள் காலையில நாலரைக்கு எழுந்து, குளிச்சு, தலை பின்னி, கட்டில் ஓரமா உக்காந்திருந்தேன். அஞ்சு மணி ஆச்சு, ஆறு ஆச்சு. பெல்லே அடிக்கல. ஏழு மணிக்கு என் ரூம்மேட் கண்ணைத் திறந்து, யாருக்காகக் காத்துட்டு இருக்கேன்னு கேட்டா. டெல்ஃபின்னு பேரு, தூத்துக்குடிக்காரி. பெல்லுக்காகன்னு சொன்னேன். அவ என்னை ஒரு நிமிஷம் பாத்துட்டு மறுபடியும் போத்திட்டுப் படுத்துட்டா. ஏழு மணிக்குக்கா. ஏழு மணிக்கெல்லாம் எங்க ஸ்கூல்ல ரெண்டு டெஸ்ட் முடிஞ்சிருக்கும்.

அதுதான் யுனிவர்சிட்டி. ஒரு பெல் கிடையாது. யாரு எங்க உக்காரணும்னு நம்பர் கிடையாது. மெஸ்ல வரிசையே கிடையாது, நான் மட்டும் தனியா வரிசையில நிப்பேன். எனக்குப் பின்னாடி யாரும் நிக்க மாட்டாங்க. லைப்ரரி நாள் பூரா திறந்து கிடக்கும். அங்க இருக்கிறவர்கிட்ட எந்தப் புக்குல எந்தப் பக்கத்துலேர்ந்து எந்தப் பக்கம் வரைக்கும் படிக்கணும்னு மரியாதையாத்தான் கேட்டேன். அவர், உனக்கு எது பிடிச்சிருக்கோ அதை எடும்மான்னாரு. சம்பளம் வாங்குற மனுஷன் சொல்ற பதிலாக்கா இது? எனக்கு எது பிடிக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்?

வாத்தியாருங்க அதுக்கு மேல. நோட்ஸ் கொடுக்க மாட்டாங்க, முக்கியமானதுக்கு அடிக்கோடு போடச் சொல்ல மாட்டாங்க. ஒரு மணி நேரம் அவங்க பாட்டுக்குப் பேசிட்டு, கடைசியில எதாவது கேள்வி இருக்கான்னு நம்மகிட்டயே கேப்பாங்க. கேள்வி கேக்க வேண்டியது அவங்க, பதில் சொல்ல வேண்டியது நாம. இது கூடத் தெரியாதவங்களை வேலைக்கு எடுத்திருக்காங்க. ஆனா இந்த டெல்ஃபினுக்குக் கொண்டாட்டம். தினமும் கையைத் தூக்குவா. ஏன், எதுக்கு, அப்படி இல்லைன்னா என்ன ஆகும்னு. எங்க ஸ்கூலா இருந்தா ரெண்டாவது ‘ஏன்’லயே பெஞ்சு மேல ஏறியிருப்பா.

முதல் டெஸ்ட்டைக் கேளுங்க. ஒரு சார் வந்து ஆளுக்கு ஒரு பூவரச இலையைக் கையில கொடுத்துட்டு, பாத்து எழுதுங்கன்னாரு. அவ்வளவுதான் கேள்வி. நான் எழுந்து, சார், இது அஞ்சு மார்க்கா பத்து மார்க்கான்னு கேட்டேன். கிளாஸே சிரிச்சுச்சு. எதுக்குச் சிரிச்சாங்கன்னு இன்னி வரைக்கும் எனக்குத் தெரியாது. மார்க்கு தெரியாம எத்தனை வரி எழுதுறது? சரி பத்துன்னே வெச்சுக்குவோம்னு, இலையின் உள்ளமைப்பு, மேல்புறத்தோல், கீழ்ப்புறத்தோல், இலைத்துளை எல்லாம் ஒரு கமா விடாம எழுதி, பென்சில்ல படம் போட்டு, வலது பக்கமா பாகம் குறிச்சு, மூணு பக்கம் கொடுத்தேன். பத்துக்கு ரெண்டு போட்டாரு. என் இலையில ஓரமா ஒரு புழு இருந்துச்சாம். அது பாதி இலையைத் தின்னுட்டு இருந்துச்சாம். அதை நான் எழுதலையாம். டெல்ஃபின் அவ இலையில ஒரு ஓட்டையைப் பத்தி ஒண்ணரைப் பக்கம் எழுதி ஒன்பது வாங்கினா. நான் சார்கிட்டயே போய்க் கேட்டேன், புழு போர்ஷன்லயே இல்லையே சார்னு. அவர் என்னைப் பாத்த மாதிரி நீங்களும் பாக்குறீங்களேக்கா. நான் கேட்டதுல என்ன தப்பு?

அன்னிக்கு நான் அழுதேன், மறைக்கல. ரெண்டு மார்க்கு என் வாழ்க்கையில வாங்கினதே இல்ல. ஊருக்கே திரும்பிடலாம்னு பையைக் கூட எடுத்துட்டேன். அன்னிக்குன்னு பாத்து மெஸ்ல ஒரு அதிசயம் நடந்துச்சு. ஒல்லியா ஒரு பொண்ணு சாப்பிட்டு முடிச்சா, தட்டைக் கழுவினா, கழுவின தட்டைத் தலைக்கு மேல தூக்கி ரெண்டு பக்கமும் திருப்பிக் காட்டினா. யாருக்குக் காட்டினா? அங்க யாருமே இல்ல. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துடுச்சு. ஏன்னா நானும் அப்படித்தான் காட்டுவேன். எங்க ஸ்கூல்ல தட்டுல ஒரு பருக்கை ஒட்டியிருந்தாலும் ஆயாம்மா திரும்பக் கழுவ விடுவாங்க, அதுக்காகக் காட்டுறது. ஓடிப் போய் எந்த ஸ்கூல்னு கேட்டேன். எங்க ஸ்கூல் இல்ல, ஆனா அதே மாதிரி ஒண்ணு. மோனிஷான்னு பேரு, கிருஷ்ணகிரிப் பக்கம். அவளும் ரெண்டு மார்க்குதான். ரெண்டு பேரும் கையைப் பிடிச்சுக்கிட்டு அக்கா தங்கச்சி மாதிரி அழுதோம்.

அதுக்கப்புறம் தட்டைத் தூக்கிக் காட்டுறவங்களைத் தேடிப் பிடிச்சோம். ஒரே வாரத்துல பதினோரு பேர். மாசக் கடைசியில இருபத்திமூணு. எல்லாரும் ஏதாவது ஒரு புக்குல ஏழாம் பக்கமோ எட்டாம் பக்கமோ இருக்கிறவங்க. எல்லாருக்கும் இங்க ரெண்டு மார்க்கு, மூணு மார்க்கு. அப்பத்தான் எனக்கு உறைச்சுது, கோளாறு நம்மகிட்ட இல்ல, இந்த இடத்துலதான்னு. இங்க இல்லாதது என்ன? ஸ்டடி ஹவர். அதை நாமளே வெச்சுக்கிட்டா போச்சு.

ஹாஸ்டல்ல கீழ்த்தளத்துல டேபிள் டென்னிஸ் ரூம் ஒண்ணு இருக்கு. சாயந்திரம் ஆறுலேர்ந்து எட்டரை வரைக்கும் படிக்கக் கொடுங்கன்னு வார்டன்கிட்ட எழுதிக் கொடுத்தேன். அவங்களுக்கு ஒரே சந்தோஷம். டேபிளை ஓரமா தள்ளிட்டு, தரையில கோடு போட்டு, ஆளுக்கு ஒரு கட்டம். செல்லெல்லாம் பக்கெட்ல. தலை நிமிரக் கூடாது, பேசக் கூடாது. பேசினா ஐம்பது தடவை இம்போசிஷன். அப்புறம் யாராவது ஒருத்தர் குறுக்கும் நெடுக்கும் நடந்துட்டே இருக்கணும்க்கா, இல்லைன்னா படிப்பு ஏறாது, அது உங்களுக்குத் தெரியாது. அந்தப் பொறுப்பை நான் கேட்டு வாங்கல. முதல் ரெண்டு நாள் மாத்தி மாத்தித்தான் நடந்தோம். மத்தவங்க நடந்தா செருப்பு சத்தமே கேக்கல, என் நடை எங்க ஹாஸ்டல் மிஸ் நடை மாதிரியே இருக்குன்னு எல்லாரும் சொன்னாங்க. அதனால நானே நடந்தேன். கையில ஒரு ஸ்டீல் ஸ்கேல். அடிக்கிறதுக்கு இல்ல, சும்மா ஒரு பழக்கத்துக்கு. ரெண்டு மூணு தடவை பட்டிருக்கும்.

மூணாம் நாள் டெல்ஃபின் பேட் எடுக்க வந்தவ வாசல்லயே நின்னுட்டா. இருபத்தி ரெண்டு பேர் குனிஞ்சு முணுமுணுக்கிறதையும் நான் நடக்கிறதையும் பாத்துட்டு, “ஏட்டி, உங்களைத்தான் வெளிய விட்டாச்சே, இன்னும் என்னத்துக்குட்டி உள்ள உக்காந்திருக்கீங்க?”ன்னு கேட்டா. ஒருத்தி கூடத் தலை நிமிரல. எனக்குப் பெருமையா இருந்துச்சு. பொறாமைக்காரின்னு நினைச்சுக்கிட்டேன்.

பலன் இல்லாமலும் இல்லக்கா. ரெண்டாவது டெஸ்ட்டுல ரெண்டுலேர்ந்து மூணு வாங்கினேன். கணக்குப் போட்டுப் பாருங்க, ஐம்பது சதவீதம் முன்னேற்றம். அதை விட, மனசு நிம்மதியா இருந்துச்சு. ஆறு மணி எப்ப ஆகும்னு நாள் பூரா காத்திருப்பேன். அந்த ரெண்டரை மணி நேரம் மட்டும் யாரும் என்னை உனக்கு என்ன தோணுதுன்னு கேக்க மாட்டாங்க. சொந்த ஊருக்கு வந்த மாதிரி இருக்கும். யுனிவர்சிட்டியில நான் சந்தோஷமா இருந்தது அங்க மட்டும்தான், அதைச் சொல்ல எனக்கு வெக்கம் இல்ல.

இப்ப சொல்லப் போறதைத்தான் அங்க பெருசு பண்ணிட்டாங்க. நீங்க அவங்களை மாதிரி அவசரப்படாதீங்க.

ஸ்டடி ஹவர்ல பாத்ரூம் போகக் கூடாது. இது நான் போட்ட சட்டம் இல்ல. எங்க ஸ்கூல்லயும் அதுதான், மோனிஷா ஸ்கூல்லயும் அதுதான், இருபத்திமூணு பேர் ஸ்கூல்லயும் அதுதான். ஒருத்தி எழுந்தா இன்னொருத்தி எழுவா, அப்புறம் எங்கேர்ந்து படிக்கிறது? மூணு மணிக்கு மேல தண்ணி குடிக்கக் கூடாதுன்னு ஸ்கூல்ல சேந்த முதல் வாரமே சீனியர் அக்காங்க சொல்லிக் கொடுத்துடுவாங்க. பழகிட்டா ஒண்ணும் தெரியாது. நீர்க்கடுப்பு வரும், அது தானா போயிடும்.

அன்னிக்கு மோனிஷாவுக்கு மதியம் லேப். வெயில்ல வந்து ரெண்டு பாட்டில் தண்ணி குடிச்சிருக்கா. அது அவ தப்பு. ஏழேகாலுக்குக் கையைத் தூக்கினா. எட்டரைக்குப் போகலாம்னு சைகை காட்டினேன். ஏழரைக்கு மறுபடியும் தூக்கினா. எல்லாரும் ஓரக்கண்ணால பாக்குறாங்க. சிநேகிதின்னு அவளுக்கு மட்டும் விட்டா நாளைக்கு யாரு மதிப்பா? கையை இறக்குன்னு சொன்னேன். இறக்கிட்டா. அதுக்கப்புறம் அவ தூக்கவே இல்ல. நானும் நடந்துட்டே இருந்தேன். எட்டு மணி வாக்குல அந்தப் பக்கம் திரும்பும்போது தரையில ஈரம். அவ கட்டத்துலேர்ந்து பக்கத்துக் கட்டம் வரைக்கும்.

பதினெட்டு வயசுப் பொண்ணுக்கா.

அவ தலை நிமிரல. புக்கைப் பாத்துப் படிச்சுட்டேதான் இருந்தா, உதடு அசைஞ்சுட்டேதான் இருந்துச்சு. பக்கத்துக் கட்டத்துப் பொண்ணு நோட்டு நனையாம கொஞ்சம் தள்ளி வெச்சுட்டு அவளும் படிச்சா. அதுதான் ட்ரெய்னிங்ங்கிறது. நான் என்ன செய்யணும்? எனக்குத் தெரியல. இதுக்கு என்ன செய்யணும்னு எங்க மிஸ் செஞ்சு நான் பாத்தது ஒண்ணே ஒண்ணுதான். அந்தப் பொண்ணையே துடைக்கச் சொல்லுவாங்க. நான் அதைச் சொல்றதுக்குத்தான் வாயைத் திறந்தேன்.

அப்பன்னு பாத்து டெல்ஃபின் வந்தா. பேட்டை வெக்க வந்திருப்பா. வாசல்ல நின்னு ஒரு தடவை பாத்தா. நேரா வந்து தோள்ல கிடந்த துப்பட்டாவை எடுத்து மோனிஷா இடுப்பைச் சுத்திக் கட்டி, கையைப் பிடிச்சு எழுப்பி, கூட்டிட்டுப் போயிட்டா. என்னை ஒரு வார்த்தை சொல்லல. திட்டியிருக்கலாம். நாலு பேர் முன்னாடி கன்னத்துல ஒண்ணு வெச்சிருக்கலாம், எனக்கு அது பழகினதுதான். நான் அங்க இல்லாத மாதிரியே போயிட்டா. அது எனக்கு ரொம்ப வலிச்சுது, இப்பவும் வலிக்குது. எட்டரை வரைக்கும் மீதிப் பேரு படிச்சாங்க. நானும் நடந்தேன்.

மறுநாள் ஹெச்.ஓ.டி. மேடம் ரூம்ல விசாரணை. வார்டன் ஒரு பக்கம், நானும் மோனிஷாவும் ஒரு பக்கம். ரூமைப் பூட்டி வெச்சிருந்தீங்களான்னு மேடம் கேட்டாங்க. இல்ல மேடம், அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாளே சரியில்ல, திறந்துதான் கிடக்கும்னேன். பாத்ரூம் எவ்வளவு தூரம்னாங்க. எட்டடின்னேன். மேடம் மோனிஷா பக்கம் திரும்பினாங்க.

“கதவு திறந்திருக்கு, எட்டடியில பாத்ரூம். ஏம்மா நீ எழுந்து போகல?”

“மிஸ் போகச் சொல்லல மேடம்.”

என்னைக் காட்டித்தான் சொன்னா. என்னை விட அவ மூணு மாசம் பெரியவ.

மேடம் கண்ணாடியைக் கழட்டி மேஜை மேல வெச்சாங்க. என்னை மிஸ்ஸுன்னு சொன்னதும் முதல்ல எனக்குச் சந்தோஷமாத்தான் இருந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன். அப்புறம் மேடம் முகத்தைப் பாத்துட்டுத் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். மீதி இருபத்தியோரு பேரையும் தனித்தனியா கூப்பிட்டு அதே கேள்வியைக் கேட்டாங்களாம். உன் பக்கத்துல ஒருத்தி அப்படி உக்காந்திருக்கா, நீ ஏன் எழுந்திருக்கலைன்னு. எல்லாரும் ஒரே பதில். அவ்வளவு பேரும் கேட்டுப் பழகாத ஒரு கேள்விக்கு ஒரே பதில் சொல்லியிருக்காங்கன்னா எங்க ஸ்கூலுங்க எவ்வளவு ஒழுங்கா சொல்லிக் கொடுத்திருக்கு, நீங்களே யோசிச்சுப் பாருங்க. மேடம் இதைப் பாராட்டலன்னாலும் பரவாயில்ல, ஒரு கவுன்சிலரைக் கூட்டிட்டு வந்து எங்களை உக்கார வெச்சு, மூச்சை இழுத்து விடச் சொல்றாங்க.

டேபிள் டென்னிஸ் ரூமைத் திரும்ப எடுத்துக்கிட்டாங்க. இப்ப அங்க டென்னிஸ்தான் ஆடுறாங்க. மோனிஷாவும் ஆடுறா. டெல்ஃபின் கத்துக் கொடுத்திருக்கா. மெஸ்ல ரெண்டும் சேந்து உக்காந்து கூரை இடியற மாதிரி சிரிக்குதுங்க. சாப்பிட்டுத் தட்டைக் கழுவி அப்படியே வெச்சுட்டுப் போயிடறா, யாருக்கும் காட்டுறதில்ல. அன்னிக்கு கிளாஸ்ல எழுந்து சார்கிட்ட ‘ஏன்’னு ஒண்ணு கேட்டா பாருங்க, எனக்குத் தூக்கி வாரிப் போட்டுடுச்சு. நல்ல பொண்ணு, இப்படிக் கெட்டுப் போச்சு. நான் போய்ப் பேசினா பேசுறா, இல்லைன்னு சொல்லல. ஆனா நான் போனதும் அவ முதுகு நேராயிடுது. கையைக் கட்டிக்கிறா. எதுக்கு அப்படிப் பண்ற, நான் சுபஸ்ரீதானேன்னு கேட்டேன். தெரியலைன்னு சொல்றா. அதுக்கப்புறம் நான் போறதில்ல.

என்னை ரெண்டு வாரம் வீட்டுக்குப் போயிட்டு வரச் சொல்லியிருக்காங்க. சஸ்பென்ஷன்னு நினைச்சுடாதீங்க, மேடம் அந்த வார்த்தையைச் சொல்லவே இல்ல, லெட்டர்ல மட்டும்தான் இருக்கு. ஆனா நான் முதல்ல ஸ்கூலுக்குத்தான் போறேன். எங்க ஹாஸ்டல் மிஸ்ஸைப் பாத்து, நான் செஞ்சது சரியா தப்பான்னு கேக்கணும். அவங்க சொன்னா ஒத்துக்குவேன். நேத்து ஃபோன் பண்ணினேன். சுபஸ்ரீன்னேன், எந்த சுபஸ்ரீன்னாங்க. ஐந்நூத்தித் தொண்ணூத்தொண்ணுன்னேன், அப்பவும் ஞாபகம் வரல. ரோல் நம்பரைச் சொன்னேன், உடனே, ஆமாமா, நீயான்னு கேட்டாங்க. எவ்வளவு அன்பு பாருங்க. வருஷத்துக்கு ஆயிரம் பொண்ணுங்களைப் பாக்குறவங்க.

சரிக்கா, உங்க விஷயத்துக்கு வரேன். சேத்துடுங்க. கண்ணை மூடிட்டுச் சேத்துடுங்க. பொண்ணு ஓயாம பேசுவா, வீட்டுல எதுக்கெடுத்தாலும் எதிர்க் கேள்வி கேப்பான்னு சொன்னீங்க இல்ல, அதுக்கெல்லாம் ஒரு டெர்ம் போதும். தீபாவளி லீவுக்கு வரும்போது நீங்களே அசந்து போயிடுவீங்க. உக்காருன்னா உக்காருவா, சாப்பிடுன்னா சாப்பிடுவா. அதுக்கப்புறம் உங்களுக்கு ஒரு தொந்தரவும் இருக்காது. என்னால எங்க அம்மாவுக்கு ஒரு தொந்தரவும் இருந்ததில்ல. கேட்டுப் பாருங்க, அவங்களே சொல்லுவாங்க. இந்த லெட்டர் விஷயம் அவங்களுக்கு இன்னும் தெரியாது.

என்னக்கா, கவரைப் பைக்குள்ள வெச்சு ஜிப்பை இழுத்துட்டீங்க?

வண்டியை ஓரம் கட்டிட்டான். உளுந்தூர்ப்பேட்டை மோட்டல். எல்லாரும் இறங்குறாங்க. நீங்களும் போங்க, நான் பையைப் பாத்துக்கிறேன். எனக்கு டீ வேணாம், தண்ணியும் வேணாம்.

இல்லக்கா, போகணும்தான். காலையில கிளாம்பாக்கத்துல ஏறும்போதே போகணும் போல இருந்துச்சு. விழுப்புரத்துக்கிட்ட ரொம்ப முட்டிச்சு, இப்ப ஒரு மாதிரி மரத்துப் போச்சு. கண்டக்டரும் பத்து நிமிஷம் நிக்கும்னு பொதுவாத்தான் சொன்னாரு, என்னைப் பாத்து எதுவும் சொல்லல. நீங்க எதுக்குக் கண்ணைத் துடைக்கிறீங்க? எழுந்திருக்கத் தெரியாம இல்லக்கா, நீங்க ஒரு வார்த்தை சொன்னா போயிட்டு வந்துடுவேன்.

சொல்லுங்கக்கா. பத்து நிமிஷம்தான் நிப்பான்.